பிரஷ் டர்க்கி தன் குஞ்சைக் கைவிட்டுவிடுகிறதா? தோட்டத்தில் அது எழுப்பும் மேட்டை என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவு. சிட்னியின் வடபுறப் புறநகர் ஒன்றில் உள்ள உங்கள் பின்தோட்டத்தில், சிவந்த மொட்டைத் தலையும் மஞ்சள் கழுத்தும் கொண்ட கறுப்புப் பறவை ஒன்று மூன்று வாரமாகச் செடிகளுக்கு நீங்கள் போட்டிருந்த மூடாக்கையெல்லாம் வாரி, வேலியோரம் இடுப்பளவு மேடாக எழுப்பிவிட்டது. நேற்றுக் காலை கார் நிறுத்துமிடத்தில் பழுப்பு நிறக் குஞ்சு ஒன்று தனியாக நின்றது. சுற்றுமுற்றும் தேடியும் தாயைக் காணவில்லை. குஞ்சை எடுத்து வளர்க்கலாமா, அல்லது மேட்டுக்குள் திரும்ப வைக்க வேண்டுமா, மேட்டைக் கலைத்தால் தவறா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது, இவ்வளவு பாடுபட்டு மேடு கட்டும் ஒரு பறவை பெற்ற குஞ்சை இப்படித் தெருவில் விட்டுவிடுமா என்ற திகைப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தத் திகைப்பு தீர்ந்தால் மற்றவற்றுக்கு விடை தானாகக் கிடைக்கும்.

குஞ்சைப் பற்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவசரம் அதற்குத்தான். அது அநாதைக் குஞ்சு அன்று. அதைத் தேடித் தாய் வரப்போவதில்லை. அதற்குத் தாய் தேவையும் இல்லை. காயம் எதுவும் இல்லாவிட்டால், அருகில் அடர்ந்த புதர் எங்கே இருக்கிறதோ அதன் ஓரமாக விட்டுவிடுங்கள். நான் விலங்கியல் படித்து, பிரிஸ்பேனில் பல ஆண்டுகளாகக் காட்டுயிர் மீட்புப் பணியில் இருப்பவன். வசந்த காலம் பிறந்தால் இதே குஞ்சைப் பற்றிய அழைப்புகள் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும், அவற்றில் பெரும்பாலானவை நல்ல மனம் படைத்தவர்கள் தேவையில்லாமல் பிடித்துவிட்ட குஞ்சுகளைப் பற்றியவை. நான் ஆய்வாளன் அல்லன்; ஆய்வாளர்கள் கண்டறிந்ததையும் தோட்டங்களில் நான் பார்த்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். உங்கள் தோட்டத்தை நேரில் பாராமல் எழுதுவதால், மேட்டைப் பற்றி நான் சொல்வதை உங்கள் கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், அறிவுரையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பறவை எது என்பதில் ஐயமில்லை. நீங்கள் விவரித்த தலையும் கழுத்தும், பக்கவாட்டில் தட்டையாகி நெட்டுக்குத்தாக நிற்கும் வாலும் ஆஸ்திரேலிய பிரஷ் டர்க்கிக்கு மட்டுமே உரியவை. அறிவியல் பெயர் அலெக்டுரா லாதாமி. நீளம் 60 முதல் 75 சென்டிமீட்டர், எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். குவீன்ஸ்லாந்தின் வடமுனையான கேப் யார்க்கிலிருந்து தெற்கே வொல்லொங்கோங் வட்டாரம் வரை, கிழக்குக் கரையை ஒட்டிய காடுகளே இதன் இயற்கையான இருப்பிடம். பெயரில் வான்கோழி இருந்தாலும் அதற்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் லாதம் 1821-ல் இதன் மொட்டைத் தலையைக் கண்டு பிணந்தின்னிக் கழுகின் வகையென்றே எண்ணிவிட்டார். 1831-ல் ஜான் எட்வர்டு கிரே முறையாக விவரித்தபோதுதான் இன்றைய அறிவியல் பெயர் வந்தது. உடல் சூட்டால் அடைகாக்காமல், மண்ணிலோ மட்கும் தழையிலோ முட்டையைப் புதைத்துப் பொரிக்க வைக்கும் மெகாபோடு குடும்பத்தைச் சேர்ந்தது இது. ஆஸ்திரேலியாவில் மட்டும் இக்குடும்பத்தில் மூன்று இனங்கள் உள்ளன: உங்கள் பிரஷ் டர்க்கி, மல்லீ எனப்படும் குட்டை யூக்கலிப்டஸ் மரங்கள் நிறைந்த வறண்ட புதர்க்காடுகளில் வாழும் மல்லீஃபவுல், டார்வின் நகரத் தோட்டங்களிலும் நடமாடும் ஆரஞ்சுக் கால் ஸ்கிரப்ஃபவுல். இந்தியாவிலும் இக்குடும்பத்தின் உறுப்பினர் ஒன்று உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நிக்கோபார் தீவுகளில் மட்டும் வாழும் நிக்கோபார் மெகாபோடு அது. கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர்கள் 1990-களில் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். கடற்கரையை ஒட்டிய காட்டோரத்திலேயே மேடு கட்டும் பழக்கத்தால் 2004 ஆழிப்பேரலையில் அதன் மேடுகளில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது.

இனி அந்த மேடு. உங்கள் தோட்டத்தில் நடப்பதை விளங்கிக்கொள்ள வேறெதையும்விட அதிலுள்ள சூட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் எருக்குழியைக் கிளறும்போது உள்ளிருந்து எழும் அனலை உணர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. ஈரமான தழையில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பெருகி அதை மட்கச் செய்யும்போது வெப்பம் வெளியாகிறது. சிறு குவியலாக இருந்தால் அந்த வெப்பம் உடனே காற்றில் கலந்துவிடும். பல டன் எடையுள்ள குவியலாக இருந்தால் நடுப்பகுதியில் தேங்கி நிற்கும். ஆகவேதான் சேவல் தன் காலால் பின்னோக்கி வாரி வாரி, சுற்றுவட்டாரத்துத் தழையையெல்லாம் துடைத்தெடுத்தாற்போல ஓரிடத்தில் சேர்க்கிறது. முடிவடைந்த மேடு ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரமும் ஏறக்குறைய நான்கு மீட்டர் விட்டமும் கொண்டிருக்கும். மேடு கட்டுவது முழுக்கச் சேவலின் வேலை. பெட்டைக்கு அதில் பங்கில்லை.

முட்டைகள் புதைந்திருக்கும் ஆழத்தில் வெப்பநிலை பொதுவாக 33, 34 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கிறது. சேவல் இதை ஒரு டிகிரிகூடப் பிசகாமல் கட்டுப்படுத்துகிறது என்று ஆவணப்படங்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் சொல்வதுண்டு. அதை அப்படியே ஏற்க வேண்டாம். களத்தில் அளந்தவர்கள் ஒரே மேட்டுக்குள் இடத்துக்கு இடம், வாரத்துக்கு வாரம் சில டிகிரி வேறுபாட்டைக் கண்டிருக்கிறார்கள். அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் ரோஜர் சீமூர் இந்த மேடுகளின் வெப்பக் கணக்கை ஆராய்ந்து காட்டியது இன்னும் சுவையானது: போதிய அளவும் போதிய ஈரமும் உள்ள மேடு, தானாகவே ஒரு நிலையான வெப்பநிலையில் வந்து நிற்கும் இயல்புடையது. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வெப்பமும் மேட்டின் பரப்பு வழியே வெளியேறும் வெப்பமும் சமமாகும் புள்ளி அது. சேவல் செய்வது, அந்தச் சமநிலை குலையாதபடி புதுத் தழை சேர்ப்பதும், கிளறிக் காற்றோட்டம் தருவதும், மிகையானதை ஒதுக்குவதும். வேலை கடினமானதுதான், ஆனால் அது நொடிக்கு நொடி கண்காணிக்கும் வேலையன்று. சேவலின் திறமையை இது குறைப்பதாக நான் நினைக்கவில்லை. எந்த அளவில், எந்த நிழலில், எந்த ஈரத்தில் கட்டினால் மேடு தன்னைத்தானே காத்துக்கொள்ளுமோ அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதே பெரிய திறமை.

அது சோதிக்கும் விதத்தைப் பொறுமையாக ஒரு நாள் சன்னலிலிருந்து பாருங்கள். மேட்டின் உச்சியில் ஏறி, இரு கால்களாலும் மாறி மாறிப் பறித்துப் புனல் போன்ற குழி ஒன்று தோண்டும். பிறகு தோள் வரை தலையை உள்ளே விட்டு, அலகு நிறையத் தழைமண்ணை அள்ளி, சற்று நேரம் அசையாமல் நிற்கும். அதன் பின்னரே அதைத் துப்பிவிட்டு, குழியை மூடுவதா இன்னும் ஆழமாகத் தோண்டுவதா என்று முடிவெடுப்பது போல வேலையைத் தொடரும். அலகாலும் வாயின் உட்புறத்தாலும் சூட்டை உணர்கிறது என்பதே பரவலான கருத்து. நடத்தையைப் பார்த்தால் அது பொருத்தமாகவே தோன்றுகிறது. எனினும் தலையின் மொட்டைத் தோலுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பது இன்னும் முடிவான செய்தியன்று.

பெட்டைகள் மேட்டுக்கு வருவது முட்டையிடவும் இணை சேரவும் மட்டுமே. சூடு நிலைபெற்ற மேட்டையே அவை நாடுகின்றன. சேவல் தோண்டிக் காட்டிய இடத்தையோ தானே தோண்டிய குழியையோ பயன்படுத்தி, அரை மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் ஒரு முட்டையை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். சில நாள் இடைவெளியில் மீண்டும் வரும், அல்லது வேறொரு சேவலின் மேட்டுக்குப் போகும். ஒரு பருவத்தில் ஒரு பெட்டை இருபது முட்டைக்கு மேலும் இடக்கூடும். பல பெட்டைகள் வந்துபோகும் நல்ல மேட்டில் 50 முட்டைகள் வரை சேர்வதுண்டு. இப்படிப் பெட்டைகள் மேட்டுக்கு மேடு மாறுவதால், ஒரு சேவல் மாதக்கணக்கில் காத்து நிற்கும் முட்டைகளில் கணிசமானவை அதனுடையவை அல்ல என்பது மரபணுச் சோதனைகளால் தெளிவாகியுள்ளது. ஆயினும் அது எல்லாவற்றையும் ஒன்றுபோலவே காக்கிறது. முட்டை தோண்டித் தின்ன வரும் உடும்பின் மேல் பின்காலால் தழையை வாரி இறைத்து விரட்ட முயல்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெரிய உடும்பாக இருந்தால் பெரும்பாலும் உடும்புக்கே வெற்றி.

இப்போது உங்கள் திகைப்புக்கு வருவோம். பெற்றோரின் உழைப்பு இந்தப் பறவையில் குஞ்சு பொரிவதற்கு முன்பே செலவழிந்து முடிந்துவிடுகிறது. சேவலின் பங்கு மேட்டில், பெட்டையின் பங்கு முட்டையில். பிரஷ் டர்க்கி முட்டையின் எடை ஏறக்குறைய 180 கிராம். அதாவது மூன்று கோழி முட்டைக்குச் சமம். அந்த முட்டையின் உள்ளீட்டில் சரிபாதி மஞ்சள் கரு. கோழி முட்டையில் அது மூன்றில் ஒரு பங்கு அளவே. கோழி முட்டை 21 நாளில் பொரிகிறது. இது ஏறக்குறைய 50 நாள் மேட்டுக்குள் கிடக்கிறது. கோழி செய்வது போல முட்டையைப் புரட்டிக்கொடுக்கவும் யாரும் தேவையில்லை. காற்றோட்டம் குறைந்து கரியமில வாயு மிகுந்த தழைக்குள் கரு மூச்சுவிட ஏற்றபடி ஓடு மெல்லியதாக இருக்கிறது. இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு மிகுதியான மஞ்சள் கருவை உண்டு வளர்ந்த குஞ்சு வெளியே வரும்போது, மற்றப் பறவைகள் கூட்டைவிட்டுப் பறக்கும் பருவத்தில் உள்ள வளர்ச்சியை எட்டியிருக்கிறது.

பொரிவதும் கோழிக்குஞ்சைப் போன்றதன்று. கோழிக்குஞ்சு அலகின் நுனியிலுள்ள முட்டைப் பல்லால் ஓட்டைக் கொத்தி வெளிவருகிறது. பிரஷ் டர்க்கிக் குஞ்சு காலால் உதைத்து ஓட்டை நொறுக்குகிறது. பிறகு மல்லாந்தும் புரண்டும், தலைக்கு மேலுள்ள தழையைக் காலால் பிறாண்டிக் கீழே தள்ளி அதன்மேல் ஏறி, இடையிடையே ஓய்ந்து, ஏறக்குறைய இரண்டு நாள் தோண்டி மேலே வருகிறது. மேட்டின் உச்சியில் சேவல் நின்றுகொண்டிருந்தாலும் அது குஞ்சைக் கண்டுகொள்வதில்லை. வாரும் வேகத்தில் தழையோடு சேர்த்துக் குஞ்சையும் உதைத்துத் தள்ளிவிடுவதுண்டு. பார்ப்பவருக்கு இது வன்மமாகத் தோன்றும். தன் குஞ்சை அடையாளம் காணும் தேவையே இல்லாமல் வாழும் பறவை அது என்பதே உண்மை. சிறகு உலர்ந்த சில மணி நேரத்தில் குஞ்சு ஓடும், இரை பொறுக்கும், ஓரளவு பறக்கவும் செய்யும். இருட்டினால் புதரின் கிளையில் ஏறி அமர்ந்துகொள்ளும்.

யாரும் கற்றுக்கொடுக்காத இந்தக் குஞ்சுக்கு எதைக் கண்டு அஞ்ச வேண்டும், யாரோடு சேர வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? இதை மிகுந்த பொறுமையோடு ஆராய்ந்தவர் ஆன் கோத். பூனை, பாம்பு, தலைக்கு மேல் கடக்கும் வேட்டைப் பறவையின் உருவம் ஆகியவற்றைக் காட்டியபோது, பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகள் ஒவ்வொன்றுக்கும் ஏற்றவாறு பதுங்கவோ ஓடவோ செய்தன. சிறு பாடும் பறவைகளின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டும் விழிப்படைந்தன. பின்னர் கிறிஸ்டோபர் எவான்ஸுடன் சேர்ந்து, குஞ்சைப் போன்ற இயந்திரப் பொம்மைகளை வைத்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், தரையைக் கொத்துவது போல அசையும் பொம்மையை நோக்கிக் குஞ்சுகள் சென்றன. அலகிலும் காலிலும் இருந்து எதிரொளிக்கும் புறஊதாவை ஒட்டிய ஒளி அவற்றை ஈர்ப்பதில் பங்கு வகிப்பதும் தெரிந்தது. பார்த்தே இராத தன் இனத்தை இப்படித்தான் இது இனம் காண்கிறது. இந்த முடிவுகள் கவனமாகக் கட்டுப்படுத்திய சோதனைகளில் கிடைத்தவை. இவற்றை உறுதியானவையாகவே கொள்ளலாம்.

அதே கோத், டேவிட் பூத்துடன் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட மற்றொரு ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இணையத்தில் அது திரிந்து உலவுகிறது. 34 டிகிரியில் அடைகாத்த முட்டைகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகப் பொரிந்தன. 31 டிகிரியில் ஆண் குஞ்சுகள் மிகுதி, 36 டிகிரியில் பெண் குஞ்சுகள் மிகுதி. இதை வைத்து, முதலையைப் போல மேட்டின் சூடே பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியன்று. பாலினம் எல்லாப் பறவைகளிலும் போல குரோமோசோமால் முட்டை உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது. குளிர்ந்த மேட்டில் பெண் கருக்களும் சூடான மேட்டில் ஆண் கருக்களும் மிகுதியாக இறந்துபோவதால்தான் விகிதம் மாறுகிறது. நகரத் தோட்டங்களின் மேடுகளில் இது எந்த அளவுக்கு நிகழ்கிறது என்பது தனிக் கேள்வி. அதற்கு ஆய்வுக்கூட முடிவிலிருந்து விடை சொல்லிவிடக் கூடாது.

இவ்வளவு வளர்ச்சியோடு வந்தாலும் குஞ்சுகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. சிறு ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது அநேகமாக எல்லாமே முதல் சில வாரங்களில் பூனை, நரி, வேட்டைப் பறவை போன்றவற்றுக்கு இரையாயின. அடர்ந்த முட்புதர் அருகே இருந்தவற்றுக்கு மட்டும் வாய்ப்புச் சற்று அதிகம். ஒரு பெட்டை இத்தனை முட்டை இடுவதற்கான காரணமும் இதுவே. இது கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் உங்கள் கேள்விக்கு இதிலிருந்துதான் பயனுள்ள விடை வருகிறது: குஞ்சுக்கு நீங்கள் தரக்கூடிய ஒரே உண்மையான உதவி புதர்தான்.

இங்கே ஒரு கணக்கையும் கவனியுங்கள். உங்கள் தோட்டத்து மேட்டுக்கு வயது மூன்று வாரம். முட்டை பொரிய ஏறக்குறைய ஏழு வாரம் வேண்டும். ஆகவே நீங்கள் கண்ட குஞ்சு உங்கள் மேட்டிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. பருவத் தொடக்கத்திலேயே கட்டிய பழைய மேடு ஒன்று அக்கம்பக்கத்துப் பூங்காவிலோ வேறொருவர் தோட்டத்திலோ இருக்கிறது. குஞ்சு அங்கிருந்து தன் போக்கில் நடந்து வந்திருக்கிறது. எந்த மேட்டிலிருந்து வந்ததாக இருந்தாலும் சரி, குஞ்சைத் திரும்ப மேட்டுக்குள் புதைத்துவிடாதீர்கள். கூட்டில் விடுவதாக நினைத்து அப்படிச் செய்தவர்களை நான் அறிவேன். இரண்டு நாள் தோண்டி வெளியே வந்த உயிரை மீண்டும் புதைப்பதுதான் அது.

பிடித்தே தீர வேண்டிய நிலை, அதாவது கார் ஓடும் பாதையில் நிற்கிறது அல்லது நாய் இருக்கிறது என்றால், மெல்லிய துண்டு ஒன்றை மேலே போட்டு இரு கைகளால் மென்மையாக எடுங்கள். அட்டைப் பெட்டியில் வைப்பதானால் மூடியை நன்றாக மூடுங்கள். இந்தக் குஞ்சு நின்ற இடத்திலிருந்து நேர் மேலே எம்பும் வேகத்தை எதிர்பாராமல் மூடியைத் திறந்து, அது கூரையிலோ சன்னல் கண்ணாடியிலோ மோதிக்கொள்வதைப் பார்க்கிறோம். உணவு, பால், ரொட்டி எதுவும் தர வேண்டாம். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி தவறு. அது ஒருபுறமிருக்க, அடைத்துவைத்தால் ஓயாமல் சுவரோரம் ஓடி ஓடியே நலிந்துவிடும். பூனை வாயில் சிக்கியிருந்தால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடமோ, உங்கள் மாநிலத்தில் இயங்கும் வயர்ஸ் போன்ற மீட்பு அமைப்பிடமோ ஒப்படையுங்கள். வீட்டில் நீச்சல்குளம் இருந்தால் நீரிலிருந்து கரைக்கு ஏறும்படி ஒரு சாய்ந்த பலகையைப் போட்டுவையுங்கள். குளத்தில் விழும் குஞ்சுகள் பல.

ஏன் உங்கள் தோட்டத்தை அது தேர்ந்தெடுத்தது என்பதற்கும் சூடே விடை. நல்ல நிழல், ஈரம், புதுத் தழை மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும். நிழலான பின்தோட்டத்தில் பரப்பி, நாள்தோறும் நீர் தெளித்த மூடாக்கு அந்தச் சேவலுக்குக் காட்டில்கூட எளிதில் கிடைக்காத பொருள். ஆனால் இந்தப் பறவை ஏன் இந்தச் சில பத்தாண்டுகளில் பிரிஸ்பேனிலும் சிட்னியிலும் இவ்வளவு பெருகிவிட்டது என்ற பெரிய கேள்விக்கு ஒரே காரணம் சொல்ல நான் துணியமாட்டேன். 1930-களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் மக்கள் இதன் இறைச்சியையும் முட்டையையும் உண்டார்கள். பின்னர் சட்டப் பாதுகாப்பு வந்தது. நரிகளைக் கட்டுப்படுத்தும் பணி சில இடங்களில் நடந்தது. தோட்டங்களில் மரம் வளர்ந்து நிழல் கூடியது. இவை எல்லாமே காரணமாகச் சொல்லப்படுகின்றன, எல்லாவற்றுக்கும் ஓரளவு பங்கிருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய சான்றை நான் கண்டதில்லை. பிரிஸ்பேனின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் இப்பறவையை ஆராய்ந்த டாரில் ஜோன்ஸ் போன்றவர்கள் வலியுறுத்துவது, இதை ஊருக்குள் நுழைந்த தொல்லை என்று பார்க்காமல், ஒரு காலத்தில் தனக்கிருந்த இடத்துக்குத் திரும்பி வந்த பறவையாகப் பார்க்க வேண்டும் என்பதை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. காய்கறிப் பாத்தியை ஒரே காலையில் இழந்தவர்களின் கோபத்தையும் நான் அறிவேன், அதைக் குறைத்துப் பேசமாட்டேன்.

மேட்டை என்ன செய்வது என்பதற்குக் காலமே முக்கியம். மேடு எழத் தொடங்கிய முதல் ஓரிரு நாளில், முட்டை எதுவும் இல்லாதபோது, தழையை அப்புறப்படுத்தி அந்த இடத்தைக் கனமான தார்ப்பாயால் மூடிவிட்டால் சேவல் சில நேரம் வேறிடம் நாடும். மூன்று வாரமான இடுப்பளவு மேட்டில் முட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நியூ சவுத் வேல்ஸில் 2016-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் குவீன்ஸ்லாந்தில் 1992-ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டமும் இப்பறவையையும் அதன் முட்டையையும் காக்கின்றன. ஆகவே இந்த நிலையில் நீங்களாக மேட்டைத் தோண்டாதீர்கள், கவுன்சிலைக் கேளுங்கள். சேவலைப் பிடித்து வேறிடத்தில் விட உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதனால் நிலையான பயன் கிடைப்பதை நான் கண்டதில்லை. நிழலும் ஈரமும் மூடாக்கும் அப்படியே இருக்கும்வரை, பிடித்ததோ வேறொன்றோ வந்து சேரும்.

மேடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மீதித் தோட்டத்தைக் காப்பதே நடைமுறைக்கு ஒத்தது. பாத்திகளில் மரத்தூள் மூடாக்குக்குப் பதிலாகப் பெரிய கூழாங்கற்களைப் பரப்பலாம். கோழிவலைக் கம்பியை மண்மேல் தட்டையாக விரித்து ஆணியடித்து, அதன்மேல் மெல்லிய மூடாக்கு போட்டால் காலால் வார முடியாது. இளஞ்செடிகளைச் சுற்றிக் கம்பிக் கூண்டு வையுங்கள். வேலி உயர்த்திப் பயனில்லை, பறந்து வந்துவிடும். நாய், பூனைக்கு வைத்த உணவையும் திறந்த குப்பையையும் வெளியே விடாதீர்கள். கண்ணாடி ஒன்றைத் தோட்டத்தின் வேண்டாத மூலையில் சாய்த்து வைத்தால், தன் பிம்பத்தை எதிரிச் சேவலாகக் கருதி அங்கேயே பொழுதைப் போக்கும் என்று கவுன்சில்கள் சில சொல்கின்றன. சில சேவல்களிடம் அது பலித்திருக்கிறது, சில ஒரே நாளில் அதைப் பொருட்படுத்தாமல் போய்விட்டன. செலவில்லாத முயற்சி என்பதால் செய்து பார்க்கலாம், நம்பியிருக்க வேண்டாம்.

கடைசியாக, மேட்டை எப்போது கலைக்கலாம் என்ற கேள்வி. சிட்னியில் முட்டையிடுவது பொதுவாகக் கோடையோடு ஓய்கிறது. சேவல் மேட்டுக்கு வந்து குழி தோண்டிச் சோதிப்பதை எந்த நாளில் நிறுத்துகிறதோ, அதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு மாதமாவது பொறுத்திருங்கள். கடைசி முட்டையும் பொரிந்து குஞ்சு வெளியேற அது போதும். பிறகு கவுன்சிலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இலையுதிர் காலத்தில் மேட்டை மேலிருந்து சிறிது சிறிதாகக் கையால் பிரித்தெடுங்கள். மண்வெட்டியை ஆழமாக இறக்க வேண்டாம், ஏனெனில் பொரியாத முட்டை ஒன்றிரண்டு உள்ளே கிடக்கக்கூடும். நன்கு மட்கிய அந்தத் தழை பாத்திகளுக்கு நல்ல உரம். தரைமட்டமாக்கிப் பரப்பிவிட்டு, அந்த இடத்தில் நிழல் தரும் கீழ்க்கிளைகளையும் கழித்துவிடுங்கள். மேட்டை அப்படியே விட்டால் அடுத்த ஆகஸ்டில் சேவல் அதையே புதுப்பிக்க வந்துவிடும். புது மூடாக்கு போடுவதையும் இனி அந்த இலையுதிர் காலத்துக்கே தள்ளிவையுங்கள்; வசந்தத்தின் தொடக்கத்தில் போட்டால் அது சேவலுக்கே போய்ச் சேரும்.